பழைய அம்பாசிடர், பியட்டில் குடும்பத்தோடு லடாக் போவது எப்படி?

போன செப்டம்பரில் கடலூரிலிருந்து லடாக்கின் லே நகரம் வரை எங்கள் வீட்டுப் பழைய கார்கள் இரண்டில் போய் வந்தோம். அப்பாவின் 1978 அம்பாசிடர், சித்தப்பாவின் 1982 பத்மினி (வீட்டில் பியட் என்றுதான் சொல்வோம்), ஆட்கள் ஏழு பேர், ஆயாவுக்கு வயது 71. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் பேப்பர்

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால் கண்காட்சி, ரேலி மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்க முடியும், அதனால் ஊர் சுற்ற நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதியிலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்குத் தடை இருக்கிறது. நாங்கள் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு, நாக்பூர் வரை போய், அங்கிருந்து போபால், கோட்டா, ஜெய்ப்பூர், ஹிசார், பட்டியாலா என்று சுற்றி மணாலி சேர்ந்தோம். தூரம் கூடுதல்தான், ஆனால் நிம்மதி.

2. துருவைத் தேடுங்கள்

நம்ம ஊர் உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தின்னும். காரைத் தூக்கி நிறுத்தி ஃப்ளோர், ஸ்ப்ரிங் மாட்டும் இடம், முக்கியமாக பிரேக் பைப் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் தேய்த்துக் காட்டிய பிறகுதான் அம்பாசிடரின் பின்பக்க பைப் எவ்வளவு மெலிந்துவிட்டது என்று தெரிந்தது. பைப்பும் பிரேக் ஆயிலும் புதிது போட்டோம். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே இந்த வேலையை ஆரம்பியுங்கள்.

3. கார்பரேட்டர்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது இதுதான், இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், ஆனால் கார்பரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும், அது முழுதாக எரியாமல் கரும்புகை வரும், பிளக் கறுத்துப்போகும், வண்டி மூச்சுத் திணறும். சோலெக்ஸ் கார்பரேட்டர் என்றால் ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துளையுள்ள குட்டித் திருகு) மாற்ற வேண்டும், எஸ்.யூ. வகை கார்பரேட்டர் என்றால் அடியில் இருக்கும் நட்டைத் திருகியே பெட்ரோலைக் குறைத்துவிடலாம். ஐடில் ஸ்க்ரூவை (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடுவதைச் சரிசெய்யும் திருகு) மட்டும் திருகிப் பிரயோஜனம் இல்லை. நாங்கள் பியட்டின் ஜெட்டை மாற்றாமலே பாரலாச்சா கணவாய் ஏறி, பாதி மேட்டில் வண்டி நின்றுபோய், விறைத்த விரல்களோடு ரோட்டோரத்தில் மாற்றினோம். நீங்கள் அதற்கு முன்னால் வரும் கேலாங் ஊரிலேயே மாற்றிவிடுங்கள். ஜெட் மாற்றினாலும் பழைய சக்தி வராது. 40 குதிரைத்திறன் பியட் அந்த உயரத்தில் 20 சொச்சம்தான் தரும், அதனால் மூட்டை முடிச்செல்லாம் அம்பாசிடரில் ஏற்றுங்கள்.

4. ரேடியேட்டர்

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியே பழகிவிட்டோம். அங்கே இரவில் தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். கூலன்ட் (உறையாமல் காக்கும் திரவம்) பாதி, தண்ணீர் பாதி கலந்து ஊற்றுங்கள்.

5. ஒத்திகை

ஏழு பேரும் சாமான்களும் ஏறிக்கொண்டு கொல்லிமலை போனோம், 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடாகி வண்டி நின்றால் அதன்மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட், கிளட்ச் கிட் மாதிரி ஸ்பேர் பாகங்களை எல்லாம் நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

6. மலையில்

மணாலி-லே பாதை குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும், ஜூனுக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் நடுவில் போவது நல்லது. கேலாங்குக்கு முன்னால் வரும் 'தாண்டி' என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் டாங்கை நிரப்புங்கள், அடுத்த பங்க் 365 கி.மீ. என்று அங்கே போர்டே உண்டு. லிட்டருக்கு 8 கி.மீ. என்று வைத்தால்கூட 45 லிட்டருக்கு மேல் வேண்டும், அதனால் இரும்பு கேனில் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள், வெயில் ஏற ஏற பனி உருகி, ரோட்டைக் குறுக்கிடும் ஓடைகளில் மதியத்துக்குமேல் தண்ணீர் கூடிவிடும்.

மனிதர்களுக்கும் அதே மெல்லிய காற்றுதான். மணாலியில் இரண்டு ராத்திரி, கேலாங் தாண்டி வரும் ஜிஸ்பா ஊரில் இரண்டு ராத்திரி தங்கிய பிறகுதான் மேலே ஏறினோம். கிளம்பும் முன் ஆயாவை டாக்டரிடம் காட்டினோம். 4,200 மீட்டரைத் தாண்டிய சர்ச்சு என்ற கூடார முகாம் இடத்தில் முதல் ராத்திரியே படுக்காதீர்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் எந்த நேரமானாலும் கீழே இறங்கிவிடுங்கள், பிளானைப் பற்றி யோசிக்கவே கூடாது.

7. திரும்பும்போது

மணாலி வந்ததும் மறக்காமல் பழைய ஜெட்டை மாட்டுங்கள். சின்ன ஜெட்டோடு சமவெளியில் விரட்டினால் பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடேறி பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கழற்றிய ஜெட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள், பொத்தான் அளவுதான் இருக்கும், தொலைந்தால் வழியில் கிடைக்காது.