கடை நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? வின்டோஸ் அப்டேட்டுக்கு நாமே நேரம் குறிக்கும் முறை

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசொஃப்ட் தன் அப்டேட்களை வெளியிடும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு 10.30. அங்கே குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.30. திருமலையில் அந்த நேரம் பெரும்பாலான கடைகள் பூட்டி, மெயின் சுவிட்சையும் இறக்கியிருப்பார்கள். ஆகவே அப்டேட் நம் கணினிக்குள் வந்து இறங்குவது புதன் காலை, ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தி, கணினியைப் போட்ட பிறகுதான். அன்றைக்கோ அடுத்தடுத்த நாட்களிலோ, கையில் வேலை இருக்கும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் கேட்கும். பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் கேட்காமலே செய்துவிடும்.

நான் வேலை செய்வது டைப் செட்டிங், போட்டோப் பிரதி, ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு கொமியூனிகேஷனில். மூதூரிலிருந்து வந்தவர் கதிரையில் காத்திருக்கிறார். அவருடைய சத்தியக்கடதாசியைப் பாமினி எழுத்துருவில் பாதி அடித்திருக்கிறோம். திரை இருண்டு புள்ளிகள் சுற்றத் தொடங்குகின்றன. "தம்பி, எனக்கு பஸ் போயிரும்" என்கிறார். வின்டோஸுக்கு மூதூர் பஸ் நேரம் தெரியாது. அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கீழே உள்ளவை வின்டோஸ் 11-க்கு. 10-இலும் ஏறக்குறைய இதே பெயர்கள்தான், இருக்கும் இடம் சற்று மாறும். செட்டிங்ஸை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை.

அப்டேட்டையே கொன்றுவிடலாமே?

வேண்டாம். பலர் முதலில் செய்வது இதுதான். சேர்விஸஸ் பட்டியலுக்குள் போய் வின்டோஸ் அப்டேட்டை டிஸேபிள் செய்வார்கள். சில நாளில் அது திரும்ப எழுந்து நிற்கும். ஏனென்றால் அப்டேட்டைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிடுவதற்கென்றே மெடிக் சேர்விஸ் என்று இன்னொன்றை வின்டோஸ் உள்ளே வைத்திருக்கிறது. அதையும் அடக்குவதாகச் சொல்லிச் சின்னச் சின்ன மென்பொருட்கள் பென் டிரைவ் வழியாகக் கைமாறுகின்றன. என் கணினியில் அவற்றை ஏற்றமாட்டேன். யார் எழுதியது, உள்ளே வேறென்ன செய்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு அட்மின் அனுமதி கொடுப்பது, முகம் தெரியாதவரிடம் கடைச் சாவியைக் கொடுப்பதுதான்.

2017 மே மாதம் வன்னகிரை என்ற நாசகார மென்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. நாள் முழுக்க ஊரார் பென் டிரைவ்களைச் செருகும் கடைக் கணினிக்கு அப்டேட் மற்றவர்களைவிட நமக்கே கூடத் தேவை.

ரீஸ்டார்ட் ஏன் வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது வின்டோஸ் தன் முக்கியமான கோப்புகளைத் தானே பிடித்து வைத்திருக்கும். பிடித்திருக்கும் கோப்பை மாற்ற முடியாது. எல்லாவற்றையும் கைவிட்டு மீண்டும் எழும்பும் வேளையில்தான் பழையதை எடுத்துப் புதியதை வைக்கும்.

படி 1: வேலை நேரத்தைச் சொல்லுங்கள்

செட்டிங்ஸ், வின்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அக்டிவ் அவர்ஸ் (கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாத நேரம்). அங்கே 'ஒட்டோமெட்டிக்' என்று இருப்பதை 'மெனுவலி' என்று மாற்றி நேரத்தைக் கொடுங்கள். அதிகபட்சம் 18 மணித்தியாலம் கொடுக்கலாம். நான் கொடுத்திருப்பது காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை.

கணினியோடு வரும் நேரம் காலை 8 முதல் மாலை 5. அலுவலகத்துக்குச் சரி. கொமியூனிகேஷனில் கூட்டமே 5 மணிக்குப் பிறகுதான். ரியூஷன் முடிந்த பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வருவார்கள், கந்தோர் முடிந்தவர்கள் கடிதம் அடிக்க வருவார்கள். அந்த நேரத்தை வின்டோஸ் 'ஆள் இல்லாத நேரம்' என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும்.

இன்னொன்று. 12 மணி விஷயத்தில் ஏஎம், பிஎம் இரண்டையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். நள்ளிரவு என்பது 12 ஏஎம்.

படி 2: அதே பக்கத்தில் ஒரு சுவிட்சை அணையுங்கள்

'கெட் மீ அப் டு டேட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பெயரைப் பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரித் தெரியும். கீழே உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். அக்டிவ் அவர்ஸுக்குள்ளும் முடிந்தளவு சீக்கிரம் ரீஸ்டார்ட் செய்வேன் என்று அதிலேயே எழுதியிருக்கும். இது ஒன் ஆக இருந்தால் படி 1-இல் செய்தது வீண். ஒஃப் செய்துவிடுங்கள்.

அதற்குக் கிட்டவே, ரீஸ்டார்ட் தேவைப்படும்போது எனக்கு அறிவி என்ற சுவிட்ச். அதை ஒன் செய்யுங்கள். பின்னால் வந்து முதல் பக்கத்தில், புதிய அப்டேட் கிடைத்த உடனே கொடு என்ற சுவிட்ச். அது ஒஃப்.

படி 3: இணையத்தை 'மீட்டர்' ஆக்குங்கள்

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். செட்டிங்ஸ், நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், நீங்கள் இணைந்திருக்கும் வைஃபை அல்லது கேபிளின் ப்ரொப்பர்ட்டீஸ், அதில் மீட்டர்ட் கனெக்ஷன் ஒன். 'டேட்டாவுக்கு அளவு உண்டு, பார்த்துச் செலவு செய்' என்று கணினியிடம் சொல்லி வைக்கிறோம். அதன் பிறகு பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்கா. வின்டோஸ் அப்டேட் பக்கத்தில் டவுன்லோட் பொத்தானோடு காத்திருக்கும். மிக அவசரமானவை எப்போதாவது இதையும் தாண்டி வரலாம்.

அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில், மீட்டர் இணைப்பிலும் அப்டேட்டை இறக்கு என்ற சுவிட்ச் ஒஃப் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. ரூட்டரை விட்டு போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் அங்கேயும் செய்ய வேண்டும். டொங்கிள் பாவிப்பவர்களுக்கு டேட்டாவும் மிச்சம்.

படி 4: கணினிக்கு என்று ஒரு நேரம்

என்னை ஆகக் கூடுதலாக அலைய வைத்த இடம் இது. அக்டிவ் அவர்ஸ் சரியாகக் கொடுத்தாயிற்று, எல்லாச் சுவிட்சும் சரி, இருந்தும் பகலில் தொல்லை. காரணம் செட்டிங்ஸுக்குள் இல்லை, சுவரில் இருந்தது.

கணினி இரவிலும் மின்சாரத்தில் இருக்கும், ஆள் தூங்கும்போது ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பில்தான் வின்டோஸ் இதையெல்லாம் அமைத்திருக்கிறது. நாமோ கடை பூட்டும்போது மெயினையே இறக்கிவிடுகிறோம். கரண்ட் பில்லுக்குப் பயம், மின்னொழுக்குக்குப் பயம், மாரி தொடங்கினால் இடிமின்னலுக்குப் பயம். மூன்றும் நியாயமான பயம்தான். ஆனால் கணினிக்கு ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடைப்பதே இல்லை. கடை திறந்திருக்கும் நேரம்தான் அதன் ஆயுள் முழுவதும். ரீஸ்டார்ட் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பகலிலேயே வந்து நிற்கும்.

ஆகவே நேரத்தை நாமே கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் அது வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா நேரம் பக்கத்துக் கடைகள் பாதி பூட்டியிருக்கும், கிண்ணியாப் பக்கத்து வாடிக்கையாளர்களும் வரமாட்டார்கள். உங்கள் கடைக்கு எந்த நேரம் ஓய்வோ அதை எடுங்கள். இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு வரும் முதல் ஓய்வு நேரம் என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் ஒரு முறை போதும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லா வேலையையும் சேவ் செய்து மூடுங்கள். வின்டோஸ் அப்டேட் பக்கத்தில் டவுன்லோட் பொத்தானை அழுத்துங்கள். இறங்கி, இன்ஸ்டோல் 100 சதவீதம் ஆகி, ரீஸ்டார்ட் நவ் என்று வந்ததும் அதை அழுத்துங்கள். கணினி எழும்பி, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய், மறுபடி அப்டேட் பக்கத்தைத் திறந்து பச்சைச் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சில வேளை இன்னொரு ரீஸ்டார்ட்டும் கேட்கும். அதையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

இந்த வேலையைக் கடை பூட்டும் நேரத்துக்கு வைக்காதீர்கள். 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்திவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், பொடியன் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நிற்பான், திரையில் 30 சதவீதம், அணைக்க வேண்டாம் என்ற எழுத்து. ஐந்து நிமிடத்தில் 31 ஆகும். யாருக்குப் பொறுமை இருக்கும்? அந்த இடத்தில் கரண்டை இழுத்தால் நல்ல காலம் இருந்தால் அடுத்த நாள் பழைய நிலைக்குத் திரும்பும், இல்லாவிட்டால் கணினியே எழும்பாது. யூபிஎஸ் இல்லாமல் அப்டேட்டைத் தொடவே வேண்டாம் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். லெப்டொப் என்றால் பற்றரி இருக்கிறது, ஆனாலும் சார்ஜரைச் செருகிவிட்டே செய்யுங்கள்.

ஒரு பக்கக் கதை: தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. கணினியை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பு ஒன் ஆக இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் வின்டோஸின் உட்கரு முழுதாக மூடுவதில்லை. இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் படுக்கும். ரீஸ்டார்ட்தான் முழுக்க மூடித் திறப்பது.

படி 5: ஒருவேளை ரீஸ்டார்ட் ஆனாலும் வேலை போகாமல் இருக்க

வேர்டில் ஃபைல், ஒப்ஷன்ஸ், சேவ். ஒட்டோ ரிகவர் 10 நிமிடம் என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். உறுதி, சத்தியக்கடதாசி மாதிரி நீளமானவற்றைத் தொடங்கும்போதே பெயர் கொடுத்துச் சேவ் செய்துவிட்டு அடியுங்கள்.

ஒன்லைன் படிவங்கள்தான் ஆபத்து. குரோம் திரும்ப அதே பக்கத்தைத் திறந்து தரும், அடித்த பதில்கள் பெரும்பாலும் இராது. நீளமான பதில்களை நோட்பேடில் அடித்து ஒட்டுவது என் வழக்கம். வின்டோஸ் 11-இன் நோட்பேட் சேவ் செய்யாததையும் நினைவில் வைத்திருந்து மறுபடி காட்டுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை மன்னித்துவிட்டேன்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தவை

வீட்டு லெப்டொப்பை மூடாமல் ஸ்லீப்பில் விட்டுப் படுத்தால் நடுச்சாமத்தில் தானே விழித்து ரீஸ்டார்ட் ஆகிறது என்று உப்புவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட். அங்கே ஸ்லீப் என்பதன் கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' இருக்கும். அதை டிஸேபிள் ஆக்குங்கள். பற்றரி, கரண்ட் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். சில புதிய லெப்டொப்களில் இந்த வரி காட்டாது. அவர்கள் ஸ்லீப்புக்குப் பதிலாக, இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் பாவித்தால் சரி.

ப்ரோ பதிப்பு இருக்கிறது, இன்னும் இறுக்கமாகக் கட்டலாமா என்றால், கட்டலாம். குரூப் பொலிசி எடிட்டரில் கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், வின்டோஸ் கம்போனன்ட்ஸ், வின்டோஸ் அப்டேட், லெகஸி பொலிசீஸ் என்று போனால், ஆள் லொகின் செய்திருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் வேண்டாம் என்ற பொலிசி இருக்கும். அதை மட்டும் எனேபிள் செய்தால் வேலை செய்யாது. பக்கத்தில் உள்ள 'மனேஜ் என்ட் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' பிரிவில் 'கொன்ஃபிகர் ஒட்டோமெட்டிக் அப்டேட்ஸ்' என்பதைத் திறந்து, தானாக இறக்கிக் குறித்த நேரத்தில் இன்ஸ்டோல் செய்யும் 4 என்ற தெரிவையும் கொடுக்க வேண்டும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டரே இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், படி 3 போதும்.

அப்டேட்டைத் தள்ளிவைக்கும் போஸ் பொத்தான் மங்கிப்போய் அழுத்த முடியவில்லை என்றும் ஒரு கேள்வி. அப்டேட்டை 5 வாரம் வரை தள்ளலாம். அந்தக் கெடு முடிந்ததும் முதலில் இருக்கிற அப்டேட்டைப் போட்டால்தான் மறுபடி தள்ள விடும். கணினி பழுதில்லை.

பாடசாலைக் கணினியில் எதையும் மாற்ற முடியவில்லை, சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று சிவப்பில் வருகிறது என்றார் ஒரு ஆசிரியை. அங்கே பொலிசியை வேறு யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். அக்கணினிக்குப் பொறுப்பானவரிடம்தான் கேட்க வேண்டும், ரீச்சர்.

கடைசியாக, "எனக்கு இப்போது ரீஸ்டார்ட் கேட்பதே இல்லை, என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை" என்று சந்தோஷமாகச் சொன்ன அண்ணாவுக்கு. உங்களுடையது வின்டோஸ் 10 என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதியாவிட்டால் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் வராது, அதனால்தான் ரீஸ்டார்ட்டும் இல்லை. அப்டேட் பக்கத்தில் பதிவதற்கான இணைப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். கணினி 11-ஐத் தாங்குமா என்பதையும் அதே பக்கம் சொல்லும்.