சென்னை மொட்டை மாடியிலிருந்து செவ்வாயைப் பார்ப்பது எப்படி?

செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் பூமிக்கு அருகே வந்து சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் என்பதால், தொலைநோக்கி வாங்குவதற்கு முன் நாளைத் தேர்ந்துகொள்வதே முறை. அத்தகைய வாய்ப்பு 2027 பிப்ரவரி 19-ஐ ஒட்டி அமைகிறது. அப்போது சிம்ம ராசியில் மகம் விண்மீனுக்கு அருகே இருக்கும் செவ்வாய், சென்னையில் நள்ளிரவை ஒட்டி ஏறக்குறைய உச்சிக்கு வரும், வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும்.

தெருவிளக்குகள் இதற்குப் பெரிய தடையல்ல. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் விடும் வெப்பமே பிம்பத்தை நடுங்கச் செய்கிறது. ஆகவே தளம் ஆறும்வரை பொறுத்திருப்பதோடு, தொலைநோக்கியையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட வேண்டும். ஆறு அங்குல விட்டமுள்ள கருவியில் 150 மடங்கு உருப்பெருக்கம் போதும். அதற்கு மேல் செல்வது பெரும்பாலும் மங்கலைத்தான் பெரிதாக்கும்.

முதலில் ஆரஞ்சு நிற வட்டம் மட்டுமே தெரியும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், காற்று அடங்கும் சில நொடிகளில் விளிம்பில் வட துருவப் பனி வெண்புள்ளியாகவும், சிர்ட்டிஸ் மேஜர் என்னும் இருண்ட நிலப்பகுதி கருந்திட்டாகவும் புலப்படலாம். செவ்வாயின் நாள் நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் நீளமானது. எனவே இன்று கண்ட திட்டை நாளை அவ்வளவு தாமதித்தே தேட வேண்டும்.