மும்பையில் ஒரு நாள் சாப்பாட்டுச் சுற்று: புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியான வழி

தாராவியிலோ சயானிலோ செம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குகிறீர்கள். வீட்டில் தோசையும் மீன்குழம்பும் தயார், தெருமுனையில் தமிழ்க் கடை. இந்த வசதியால்தான் மும்பைக்கு நாலு தடவை வந்துபோனவர்கூட ஈரானி கடை ரொட்டியையும் கொங்கண் கரையின் மால்வணி மீனையும் தொடாமல் ஊருக்கு ரயில் ஏறுகிறார். ஒரே நாளில் அதைச் சரிசெய்துவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குப் போனால் சூடாகக் கிடைக்கும். தப்பினால் ஆறிப்போன மிச்சம்தான்.

கிளம்பும் முன்

இரண்டு அல்லது மூன்று பேராகப் போங்கள். எங்கே போனாலும் ஒரு பொருள் ஒரு தட்டு, அதைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முதலிலேயே பேசிவையுங்கள். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: காலை எட்டு மணிக்கே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மதியம் மீன் தட்டைப் பார்த்து ஏங்குவார்கள். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, கொஞ்சம் சில்லறை நோட்டு, இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ் போதும். வார நாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தென்மும்பையின் ஃபோர்ட் பகுதியில் ஆபீஸ்கள் மூடியிருக்கும், அவற்றை நம்பி நடக்கும் தெருக்கடைகளும் பாதி இருக்காது.

காலை 7 மணி: ஈரானி கடை

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நோக்கிப் போகும் லோக்கலில் நிற்கவே இடம் கிடைக்காது. அதனால் ஏழு மணிக்குள் சயானில் ஏறிவிடுங்கள். சயானில் நிற்பது எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் ஸ்லோ வண்டி மட்டும்தான். சிஎஸ்எம்டியில் இறங்கி கால் மணி நேரம் நடந்தால் தோபி தலாவ், மெட்ரோ சினிமா அருகே 1904-இல் தொடங்கிய கயானி. ஈரானிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய இப்படிப்பட்ட கடைகள் ஒரு காலத்தில் மும்பையின் தெருமுனைகள் எங்கும் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

ஒரு பன் மஸ்கா, ஒரு ப்ரூன் மஸ்கா, ஆளுக்கொரு சாயா சொல்லுங்கள். மஸ்கா என்றால் வெண்ணெய். பன் மெத்தென்று லேசாக இனிக்கும். ப்ரூனின் மேல்தோல் மொறுமொறுவென்று கெட்டியாக இருக்கும். அதை வெறுமனே கடித்தால் மேலண்ணம் கீறிவிடும். துண்டின் ஒரு முனையைச் சாயாவில் இரண்டு மூன்று நொடி முக்கி எடுத்தால் உள்பக்கம் ஊறி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக நிற்கும். உருகிய வெண்ணெய் சாயாவின் மேல் சின்னச் சின்ன வட்டமாக மிதக்கும், அதோடேயே குடித்துவிடுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் மூன்று பேருக்கு ஒரு தட்டு அக்கூரி சேர்த்துக்கொள்ளலாம். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் போட்டுக் குழையக் கிளறும் பார்சி முட்டைப் பொரியல் அது. அதற்கு மேல் வேண்டாம். நெரிசல் நேரத்தில் உங்கள் மேசையில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் திகைக்காதீர்கள், அங்கே அது வழக்கம்தான்.

10 மணிக்கு மேல்: வடாபாவ்

1966-இல் தாதர் ஸ்டேஷன் வெளியே அசோக் வைத்யா என்பவர் தொடங்கிவைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் பண்டம். பாவ் என்ற மெத்தென்ற ரொட்டிக்கு உள்ளே இருப்பது நம் உருளைக்கிழங்கு போண்டாவுக்குத் தம்பி மாதிரி; பூண்டு மட்டும் தூக்கல். சிஎஸ்எம்டி எதிரில் ஆராம் பழைய கடை. எந்தக் கடையானாலும் இரண்டு நிமிடம் ஓரமாக நின்று எண்ணெய்ச் சட்டியைக் கவனியுங்கள். வடை சட்டியிலிருந்து நேராகப் பாவுக்குள் போகிறதா, தட்டில் குவிந்து கிடக்கிறதா? குவிந்து கிடந்தால் அடுத்த ஈடு வரட்டும். ஆறின வடையின் எண்ணெய் பாவில் இறங்கி மொத்தமும் சொதசொதவென்று ஆகிவிடும்.

பாவைப் பிளந்து ஒரு பக்கம் பச்சைச் சட்னி, மறுபக்கம் புளி இனிப்புச் சட்னி தடவி, செக்கச்செவேலென்ற உலர்ந்த பூண்டுச் சட்னியைத் தூவி, வடையை வைத்து ஓர் அழுத்து. கூடவே உப்புப் புரட்டிய வறுத்த பச்சை மிளகாய். இனிப்புச் சட்னியைக் குறைக்கச் சொல்வது நல்லது, இல்லாவிட்டால் பூண்டின் காரம் அமுங்கிவிடும். மராட்டியில் ‘தோன் வடாபாவ் த்யா’ என்றால் இரண்டு கொடுங்கள், ‘திகட் கமி’ என்றால் காரம் குறைவாக, ‘கிதி ஜாலே’ என்றால் எவ்வளவு ஆச்சு. இந்த மூன்றும் போதும். கடைக்காரர் உங்களை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டால், எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மதியம்: தாதரில் மீன்

இந்த நாளின் முக்கியமான வேளை இதுதான். சிஎஸ்எம்டியிலிருந்து ஃபாஸ்ட் வண்டி ஏறி தாதரில் இறங்கி மேற்குப் பக்கம் வாருங்கள். சைதன்யா, சிந்துதுர்க் போன்ற மால்வணி கடைகள் அங்கே உண்டு. ஒரு மணிக்குமேல் வரிசை நீளும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

பெயர்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சுர்மை என்றால் வஞ்சிரம். பாப்லேட் நம் வாவல், பாங்டா அயிலை. கோலம்பி இறால், திஸ்ர்யா மட்டி. பொம்பில் என்பது ‘பாம்பே டக்’ என்று சொல்லப்படும் மீன். முதல்முறை என்றால் ஒரு சுர்மை தாலியும் தனியாக ஒரு பொம்பில் வறுவலும் சொல்லுங்கள். இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். சப்பாத்திக்குப் பதில் அரிசி பாக்ரி கேளுங்கள், குழம்புக்கு அதுதான் பொருத்தம்.

பொம்பில் சதையில் தண்ணீர் மிக அதிகம். நடுவில் பிளந்து விரித்து, மேலே கனமான எதையாவது வைத்து நீரைப் பிழிந்த பிறகே மசாலா தடவி, ரவையில் புரட்டிப் பொரிப்பார்கள். சரியாகச் செய்தது மேலே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும். தட்டு வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிடுங்கள், போட்டோ பிறகு. வந்தவுடனேயே துவண்டு கிடந்தால் நீரைச் சரியாகப் பிழியவில்லை, அல்லது பொரித்து நேரமாகிவிட்டது.

கூடவே வரும் இளஞ்சிவப்பு நிறச் சோல் கடியைச் சூப் என்று நினைத்துச் சூடுபண்ணச் சொல்பவர்கள் உண்டு. கோகம் என்ற பழத்தின் புளிப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது அது, சூடேறினால் திரிந்துவிடும். குளிர்ச்சியாகவே, கடைசிப் பிடி சோற்றில் ஊற்றியோ, சாப்பிட்டு முடித்துக் குடித்தோ பாருங்கள். மீனின் காரம் அடங்கிவிடும்.

ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் அப்போது கிடைப்பதில் பெரும்பகுதி ஐஸ் மீன். ஆகஸ்ட் வாக்கில் வரும் சிராவண மாதத்தில் மராட்டியர்களில் பலர் அசைவம் தொடுவதில்லை. இந்த மாதங்களில் வந்தால் மீனை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு தாதரிலேயே ஆஸ்வாத் இருக்கிறது. மிசல் பாவ் சொல்லுங்கள். முளைகட்டிய பயறு மேல் காரமான ரஸ்ஸா, அதன் மேல் மிக்சர் போன்ற ஃபர்சாண். ரஸ்ஸாவை மொத்தமாகக் கொட்டினால் ஃபர்சாண் கூழாகிவிடும், நாலு கரண்டி நாலு கரண்டியாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஃபோர்ட்டை விட்டு நகர மனமில்லாதவர்களுக்கு பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-இல் தொடங்கிய பிரிட்டானியா உணவகத்தின் பெர்ரி புலாவ். மதியம் மட்டும்தான், ஒரு தட்டு இருவருக்குத் தாராளம்.

மாலை

சிவாஜி பார்க் கட்டைச்சுவரில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், வயிறு இடம் கொடுக்கட்டும். ஆளுக்கொரு கட்டிங் சாயா குடிக்கலாம், அரை கிளாஸ்தான். கரும்புச்சாறு குடித்தால் ‘பினா பரஃப்’ என்று ஐஸ் இல்லாமல் கேளுங்கள். வெளியூர் வயிறுகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் ஐஸும்தான், சூடான எண்ணெய்ப் பண்டங்கள் அல்ல. இதே காரணத்தால் பானிபூரியைவிட, தண்ணீர் ஊற்றாத சேவ்பூரி பாதுகாப்பானது. பொரியில் சட்னி கலந்து தரும் பேல் வாங்கினால் கலந்த கையோடு சாப்பிடுங்கள், பொரி நமத்துப்போகும். சைவக் கடைகளில் ‘ஜெயின்’ என்று எழுதியிருந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இருக்காது.

இரவு 8 மணிக்கு மேல்: முகமது அலி ரோடு

தாதரிலிருந்து ஸ்லோ வண்டியில் மஸ்ஜித் ஸ்டேஷன். கூட்டம் அப்போது எதிர்த்திசையில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் என்பதால் உங்களுக்கு உட்கார இடமே கிடைக்கலாம். மினாரா மசூதியைச் சுற்றித்தான் கடைகள். ரம்ஜான் மாதத்தில் இஃப்தாரிலிருந்து விடியும்வரை கூட்டம் குறையாது; குழந்தைகளோடு வந்தால் மற்ற மாதங்களே வசதி.

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். ‘படே கா’ என்றால் எருமைக்கறி, ‘பக்ரா’ என்றால் ஆட்டுக்கறி. நிஹாரி என்ற கறிக்குழம்பைப் பெரும்பாலும் படே காவில்தான் செய்வார்கள். சாப்பிடாதவர்கள் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று பேருக்கு ஒரு தட்டு சீக் கபாப், இரண்டு ரொட்டி போதும். இனிப்புக்கு 1936-லிருந்து இருக்கும் சுலைமான் உஸ்மான் மிட்டாய்க் கடை. மண் கிண்ணத்தில் வரும் ஃபிர்னியை ஆளுக்கொன்று வாங்கலாம். மால்புவா அப்படியல்ல, ஒன்றையே நாலு பேர் பங்குபோடும் அளவு. அதில் முட்டை உண்டு என்பதைச் சைவர்கள் கவனிக்கவும்.

தென்னிந்தியக் கடைகளுக்குப் பேர்போன மாட்டுங்காவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1940-லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸும், 1942-இல் தொடங்கிய ராமா நாயக்கின் இலைச் சாப்பாடும் தனியாக ஒரு காலையும் மதியமும் கேட்கும். திங்கட்கிழமை கஃபே மெட்ராஸ் விடுமுறை. அங்கே கிடைப்பது உடுப்பிச் சமையல், சாம்பார் லேசாக இனிக்கும். நம் வீட்டுச் சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

திரும்பும்போது நள்ளிரவு பன்னிரண்டுக்கு முந்தைய ஸ்லோ வண்டியைப் பிடித்துவிடுங்கள். சிஎஸ்எம்டிக்குப் போய் ஃபாஸ்ட் வண்டியில் ஏறினால் சயான் நிற்காமல் ஓடிப்போகும், குர்லாவில் இறங்கித் திரும்பி வரவேண்டியிருக்கும்.