பழைய கம்ப்யூட்டர்லயும் யாரும் கண்டுக்காத சிஸ்டத்துலயும் புது பிரவுசர் ஓட வைக்கிறது எப்படி

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் இங்கல்லாம் வாரக் கடைசில தமிழ் கிளாஸ் நடக்குற ஹாலுங்களுக்கு பழைய கம்ப்யூட்டர் நிறைய தானமா வருது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கோர் 2 டுவோ பெட்டி, பத்திரிகை நோட்டீஸ் அடிக்கிற கடைல இருந்து வந்த வெள்ளை ஐமேக் ஜி4, எந்த அங்கிளோ துணி போட்டு மூடி பத்திரமா வச்சிருந்த அமிகாங்குற பழைய ஹோம் கம்ப்யூட்டர். ஆன் பண்ணா எல்லாம் நல்லாத்தான் ஓடுது, டைப் அடிக்கலாம், பாட்டு கேக்கலாம், ஆனா பிரவுசரத் தொறந்தா ஒரு சைட்டும் வராது, உடனே "இது அவ்ளோதான்"னு சொல்லி ஸ்க்ராப்புக்குத் தள்ளிடுறாங்க. தயவு செஞ்சு தள்ளாதீங்க. பெட்டி நல்லா இருக்கு, நின்னு போனது பிரவுசர் மட்டும்தான், அதுக்கு பெரும்பாலும் வழி இருக்கு.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, இப்ப பிரவுசர் இல்லன்னா இந்த நாட்டுல ஒரு வேலையும் நகராது. வரி கட்டணுமா, சார்ஸ்ங்குற வரித் துறையோட ஈஃபைலிங், வேலையில்லாதவங்களுக்கு மாசம் 370 ரேண்ட் தர்ற எஸ்ஆர்டி உதவிக்கு சாசாங்குற அரசாங்க உதவித்தொகை ஆபீஸோட வெப்சைட், புள்ளைங்க குவாசுலு-நட்டால் யூனிவர்சிட்டில சேரணும்னா சிஏஓங்குற பொது அப்ளிகேஷன் ஆபீஸ்ல அப்ளிகேஷன், எல்லாமே பிரவுசருக்குள்ள. 2021 ஜனவரில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? வெப் பக்கத்துல படம், ஃபாரம் ஓட்டுற அடோபி ஃப்ளாஷ்ங்குற சாஃப்ட்வேர் நின்னு போச்சு, சார்ஸ் ஃபாரம் சிலது இன்னும் ஃப்ளாஷ்லயே இருந்துச்சு, அதனால சார்ஸே ஃப்ளாஷ் ஓடுற மாதிரி சொந்தமா ஒரு பிரவுசர் வெளியிட்டாங்க, அதுவும் விண்டோஸுக்கு மட்டும். மேக் வச்சிருந்தவங்க, லினக்ஸ் வச்சிருந்தவங்க வெளிய நிக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஃபாரம் எல்லாம் எச்டிஎம்எல்5ங்குற பொதுவான வெப் முறைக்கு மாறிடுச்சு, அது நல்ல விஷயம். ஆனா ஒரு சிஸ்டத்துக்கு பிரவுசர் இல்லன்னா அத வச்சிருக்கிற ஆளுக்கே கதவு மூடுதுங்குறது அப்ப நல்லா தெரிஞ்சுது.

சரி வேலைக்கு வருவோம். எந்த பிரவுசரையும் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி, உங்க பெட்டி எந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும், இத செய்யாம நேரா புது பிரவுசர் தேடுறவங்கதான் அதிகம்.

முதல்ல கடிகாரத்தப் பாருங்க. மதர்போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி செத்திருந்தா, கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். லோட்ஷெடிங் நடந்த வருஷங்கள்ல இது எத்தன வீட்ல நடந்துச்சுன்னு சொல்லத் தேவையில்ல. தேதி தப்பா இருந்தா சைட்டு நிஜம்தான்னு காட்டுற ஒவ்வொரு சர்டிஃபிகேட்டும் "இன்னும் செல்லாது"ன்னு பிரவுசர் நினைச்சுக்கும், ஒரு பக்கமும் தொறக்காது. சாதாரண பிசின்னா சிஆர்2032 பேட்டரி, எந்த சூப்பர்மார்க்கெட்லயும் கிடைக்கும். ஐமேக் ஜி4, பவர் மேக் ஜி4ன்னா அது இல்ல, 3.6 வோல்ட் அரை சைஸ் டபுள் ஏ லித்தியம் பேட்டரி, சாதாரண டபுள் ஏ போட்டுடாதீங்க.

தேதி சரியா இருந்தும் "இந்த கனெக்ஷன நம்ப முடியாது"ன்னு வந்தா சர்டிஃபிகேட் பிரச்சனை. 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு, லெட்ஸ் என்க்ரிப்ட் சைட்டுங்களுக்கு அடியில இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3ங்குற பழைய ரூட் சர்டிஃபிகேட், அதாவது மத்த சர்டிஃபிகேட்ட நம்புறதுக்கு அடிப்படையா இருக்கிறது, காலாவதி ஆச்சு. இலவசமா சர்டிஃபிகேட் குடுக்குற இடம்ங்கிறதால சின்னச் சின்ன சைட்டுங்க, கோவில் சைட்டு, சங்கத்து சைட்டு எல்லாம் பெரும்பாலும் அங்கதான் வாங்கியிருக்கும். அதுக்குப் பதிலா வந்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1ங்குற சர்டிஃபிகேட்ட வேற மெஷின்ல லெட்ஸ் என்க்ரிப்ட் சைட்ல இருந்தே இறக்கி, பென் டிரைவ்ல கொண்டு வந்து, பழைய மேக்ல சர்டிஃபிகேட் வைக்கிற கீசெயின்ல சேத்து "எப்பவும் நம்பு"ன்னு வச்சா பாதி சைட்டு அங்கயே உயிர் வந்துடும். கண்டவங்க குடுக்குற ரூட் சர்டிஃபிகேட்ட மட்டும் போடவே போடாதீங்க, அது வீட்டு சாவிய குடுக்குற மாதிரி.

சர்டிஃபிகேட் பேச்சுக்கே வராம "வெர்ஷன் ஒத்து வரல, சைஃபர் ஒத்து வரல"ன்னு எரர் வந்தா அது டிஎல்எஸ், பிரவுசருக்கும் சைட்டுக்கும் நடுவுல போறத பூட்டுற முறை. பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் 2021 மார்ச்ல அதிகாரப்பூர்வமா ஒதுக்கிட்டாங்க, இப்ப 1.2 இல்லன்னா 1.3 வேணும். இதுக்கு செட்டிங்ஸ்ல பண்ண முடிஞ்சது கொஞ்சம்தான், பிரவுசர மாத்தணும்.

கடைசி முட்டு ஜாவாஸ்க்ரிப்ட், வெப் பக்கத்த இயக்குற கோட் மொழி. பக்கம் வரும், ஆனா வெள்ளையா நிக்கும், இல்லன்னா பட்டன அமுக்கினா ஒண்ணும் ஆகாது. காரணம் என்னன்னா ஜாவாஸ்க்ரிப்ட்ல 2020 வாக்குல புதுசா சில எழுத்து முறை வந்துச்சு, அதுல ஒண்ணே ஒண்ணு புரியலன்னாலும் பழைய பிரவுசர் அந்த ஃபைல முழுசா தூக்கிப் போட்டுடும், பாதிய ஓட்டிப் பாப்போம்னுகூட நிக்காது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு கடைசியா வந்த க்ரோம் 49, அது 2016 சரக்கு, அதுல இன்னிக்கு அரசாங்க சைட்டு வெள்ளையா நிக்குறது இதனாலதான்.

இப்ப பெட்டி பெட்டியா பாப்போம்.

பிசி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல சேதி. உள்ள 32 பிட் விண்டோஸ் இருக்குங்குறதால மெஷினே 32 பிட்னு நினைக்காதீங்க, கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட் ப்ராசசர்தான். ஏதாவது 64 பிட் லினக்ஸ், மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி ஒண்ண, யுஎஸ்பில ஏத்திப் போட்டா இன்னிக்கு வர்ற ஃபயர்ஃபாக்ஸே ஓடும், 4 ஜிபி ரேமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் இருந்தா ஸ்கூல் வேலைக்கு தாராளம். இதுதான் என்னோட முதல் சிபாரிசு, மத்த வித்தைக்கெல்லாம் முன்னாடி இத முயற்சி பண்ணுங்க. நிஜமாவே 32 பிட்னா, உதாரணத்துக்கு ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக், வழி குறுகிக்கிட்டே வருது. ஃபயர்ஃபாக்ஸ் 145ல இருந்து 32 பிட் லினக்ஸ் இல்லன்னு மொசில்லா சொல்லிட்டாங்க, அதிக நாள் அப்டேட் வர்ற 140 இஎஸ்ஆர் மட்டும் 2026 செப்டம்பர் வரைக்குமாவது வரும், டெபியன் 13லயும் 32 பிட்ல புதுசா இன்ஸ்டால் பண்ண வழி இல்ல. டெபியன் 12 மேல கட்டின ஆன்டிஎக்ஸ் 23 போடுங்க, லேசா இருக்கும். அதலான் எக்ஸ்பி மாதிரி எஸ்எஸ்இ2ங்குற கட்டளைத் தொகுதி இல்லாத ப்ராசசர்னா இப்ப வர்ற பெரிய பிரவுசர் எதுவும் ஏறாது, நேரா கடைசில சொல்லப்போற வழிக்குப் போயிடுங்க.

விண்டோஸ விட முடியாது, அதுல ஒரு கணக்கு சாஃப்ட்வேர் இருக்கு, பிரிண்டர் டிரைவர் இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு, அது நியாயம்தான். விண்டோஸ் 7க்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர். அதோட கடைசித் தேதிய மொசில்லா பல தடவ தள்ளி வச்சாங்க, அதனால நிரந்தரம்னு நம்பி உக்காராதீங்க. எக்ஸ்பிக்கு சூப்பர்மியம்னு, க்ரோமுக்கு அடிப்படையான குரோமியத்துல இருந்து பிரிச்சு செஞ்சது ஒண்ணு, மைபால்னு ஃபயர்ஃபாக்ஸ் வழியில வந்தது ஒண்ணு. ரெண்டும் தனி ஆளுங்க உழைப்பு, நன்றியோட பயன்படுத்துங்க. ஆனா பிரவுசர் புதுசானாலும் அடியில இருக்கிற எக்ஸ்பில ஓட்டை அப்படியேதான் இருக்கும், அதுல பேங்க் வேலை பண்ணாதீங்க, வரி ஃபைலிங்கும் வேண்டாம்.

பவர்பிசிங்குற பழைய ப்ராசசர் போட்ட மேக்குக்கு வருவோம். அந்த ஐமேக் ஜி4 இன்னிக்கும் பாக்க எவ்ளோ அழகு. இதுக்காக காமரன் கைசர்னு ஒருத்தர் 2010ல இருந்து டென்ஃபோர்ஃபாக்ஸ்னு ஃபயர்ஃபாக்ஸ பிரிச்சு, மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4க்கும் 10.5க்கும் பத்து வருஷத்துக்கு மேல பராமரிச்சுட்டு, 2021ல ரெகுலர் ரிலீஸ நிறுத்தினார். ஒருத்தர் தனியா இழுக்கிற தேர் இல்ல இது. ஏன்னு தெரிஞ்சுக்குறது நல்லது: 2017ல இருந்து ஃபயர்ஃபாக்ஸ கட்ட ரஸ்ட்னு ஒரு மொழியோட கம்பைலர், அதாவது கோட மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர் வேணும், அது உங்க சிஸ்டத்துக்கு இல்லன்னா முதல்ல அதயே கொண்டு வரணும். ஜாவாஸ்க்ரிப்ட் வேகமா ஓடணும்னா ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனியா மெஷின் கோட் எழுதுற பாகம் வேணும். பவர்பிசில பைட் வரிசையே தலைகீழ். இத்தனையும் சரி பண்ணி முடிக்கும்போது அடுத்த வெர்ஷன் வந்துடும், க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சில வாரத்துக்கு ஒரு தடவ வருது. அதனால ஒரு சின்ன பிளாட்ஃபாரத்துக்கு யாராவது பிரவுசர் செஞ்சு குடுத்தா, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க, முடிஞ்சா நாலு காசு அனுப்புங்க, இல்லன்னா பக் ரிப்போர்ட்டாவது ஒழுங்கா எழுதுங்க.

டென்ஃபோர்ஃபாக்ஸ் இன்னும் இறக்கிக்கலாம், அதுல இருந்து வந்த இன்டர்வெப்பிபிசியும் இருக்கு, செய்தி படிக்க, எழுத்து அதிகமா உள்ள சைட்டு பாக்க போதும். மேக் மினி ஜி4, பவர்புக் ஜி4 மாதிரி மாடல்னா மார்ஃப்ஓஎஸ்ங்குற வேற ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறும், அதுல வேஃபேரர்னு, சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட்ல செஞ்ச பிரவுசர் இருக்கு, அந்த வயசு மெஷின்ல நான் பாத்ததுல அதுதான் இன்னிக்கு சைட்டுகிட்ட ரொம்ப நெருங்கி வருது. மார்ஃப்ஓஎஸ் காசு குடுத்து வாங்குறது, ரெஜிஸ்டர் பண்ணாம போட்டா அரை மணி நேரம் முழு வேகத்துல ஓடிட்டு மெதுவாயிடும், அதனால மொதல்ல போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். எந்த மாடல் ஏறும்னு அவங்க லிஸ்ட்டப் பாத்துக்கோங்க.

அமிகால 2019ல வந்த ஐபிரவுஸ் 2.5 பிரவுசர், கூடவே அமிஎஸ்எஸ்எல் போட்டா புது டிஎல்எஸ் கிடைக்கும், சைட்டு தொறக்கும், ஆனா கனமான ஜாவாஸ்க்ரிப்ட் எதிர்பாக்காதீங்க. ராஸ்பெர்ரி பைங்குற குட்டி கம்ப்யூட்டர்ல ரிஸ்க் ஓஎஸ் சிஸ்டம் ஓட்டுறவங்களுக்கு நெட்சர்ஃப் பிரவுசர், அது பிறந்ததே அந்த சிஸ்டத்துலதான், 2002ல. ஹைக்கூங்குற சிஸ்டம் போட்டவங்களுக்கு கூடவே வெப்பாசிட்டிவ் பிரவுசர் வரும், அது பத்தலன்னா ஹைக்கூடெப்போங்குற அதோட ஆப் கடைல ஃபால்கன் இருக்கு.

எந்த பிரவுசர் போட்டாலும் தமிழ் வருதான்னு கட்டாயம் பாருங்க, தமிழ் கிளாஸுக்கு வர்ற மெஷின்ல இது இல்லன்னா என்ன பிரயோஜனம். "கோவில்", "பொங்கல்", "கௌரி", "ஸ்ரீ" நாலயும் டைப் பண்ணிப் பாருங்க. கட்டம் கட்டமா வந்தா ஃபான்ட் இல்லன்னு அர்த்தம், நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லன்னா லோஹித் தமிழ் போட்டா தீரும். எழுத்து தெரிஞ்சும் கொம்பு முன்னாடி வராம பின்னாடி தனியா வட்டத்தோட நின்னா, அது ஃபான்ட் கோளாறு இல்ல, எழுத்த சேத்து வரிசைப்படுத்துற வேலைய அந்த பிரவுசர் செய்யல, எத்தன ஃபான்ட் மாத்தினாலும் சரியாகாது. அப்ப அந்த பிரவுசர விட்டுடணும். கோவில், சங்கம் வெப்சைட் செய்யுற தம்பி தங்கச்சிங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள்: காவடி நாள், பூஜை நேரம், கிளாஸ் டைம்டேபிள் இதெல்லாம் சாதா எச்டிஎம்எல்ல எழுத்தா போடுங்க, ஜாவாஸ்க்ரிப்ட் ஓடினாத்தான் தெரியும்னு வைக்காதீங்க, எல்லா பெட்டிலயும் தெரியும், டேட்டாவும் கம்மியா போகும்.

எதுவுமே ஏறலன்னா ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பேரு வெப் ரெண்டரிங் ப்ராக்ஸி, சுருக்கமா டபிள்யூஆர்பி. வீட்ல ஒரு புது மெஷின் வேணும், ராஸ்பெர்ரி பை 4 இருந்தாலும் போதும். அதுல டபிள்யூஆர்பிய ஓட விட்டா அது உள்ளுக்குள்ள குரோமியத்தத் தொறந்து, நீங்க கேட்ட பக்கத்த வரைஞ்சு, முழுசா ஒரு ஜிஃப் படமா மாத்தி பழைய மெஷினுக்கு அனுப்பும். பழைய பிரவுசருக்குத் தெரிய வேண்டியது படம் காட்டுறது மட்டும்தான். படத்து மேல நீங்க எங்க கிளிக் பண்றீங்களோ அந்த இடம் திரும்ப பைக்குப் போய் அங்க நிஜ கிளிக்கா ஆகும். டிஎல்எஸ், சர்டிஃபிகேட், ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாத் தலைவலியும் பை பாத்துக்கும். தமிழும் அங்கயே வரைஞ்சு படமா வர்றதால, தமிழே தெரியாத அமிகாலகூட கொம்பும் காலும் சரியா வந்து நிக்கும், பைல தமிழ் ஃபான்ட் போட மறக்காதீங்க. சாஃப்ட்வேர ரெடிமேட் பேக்கேஜா ஓட்டுற டாக்கர் பைல இருந்தா ஒரே வரில ஏறிடும், அப்புறம் பழைய பிரவுசர்ல பையோட ஐபி நம்பர் அடிச்சு, கோலன் போட்டு, 8080னு அடிச்சா டபிள்யூஆர்பி பக்கம் வரும், அதுல சைட்டு முகவரி குடுத்து, ஸ்க்ரீன் அகலத்த உங்க மானிட்டர் அளவுக்கு வச்சு, கலர் எண்ணிக்கைய கொறச்சா வேகம் கூடும். வீடியோ மட்டும் எதிர்பாக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய மெஷினுக்கும் பைக்கும் நடுவுல போறது எதுவும் பூட்டினது இல்ல, நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு வீட்டு நெட்வொர்க்ல அப்படியே தொறந்து போகும், அதனால பேங்க், சார்ஸ், சாசா எதுவும் இதுல வேண்டாம், அதுக்கு மேல சொன்ன லினக்ஸ் பெட்டிதான். ரவுட்டர்ல 8080 போர்ட்ட வெளிய தொறந்து விடவே கூடாது, விட்டா தெருவுல போற யாரும் உங்க இணைப்புல உலாவலாம். ஹால்ல வைக்கிறதா இருந்தா விசிட்டருக்கு குடுக்குற வைஃபை வேற, இந்த மெஷின் இருக்கிற வைஃபை வேறன்னு பிரிச்சுடுங்க, இப்ப வர்ற ரவுட்டர் பெரும்பாலானதுல கெஸ்ட் நெட்வொர்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கும்.