இன்ஸ்டாவில் விற்பவர்களுக்கு வெப்சைட் எதற்கு, எப்படிச் செய்து வாங்குவது

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்கிறார். 2020 ஜூன் வரை எல்லாம் டிக்டாக்கில்தான். சேலையை விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, விலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், மறுநாள் காலைக்குள் ஆர்டர் வந்துவிடும். ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 ஆப்களுக்குத் தடை போட்டதில் டிக்டாக்கும் போயிற்று. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, சரிதான், ஆனால் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் நம்பர்கூட அவரிடம் இல்லை.

இது டிக்டாக்கோடு நிற்கவில்லை. ஆர்குட், கூகுள் பிளஸ் என்று ஆட்கள் கூடிப் பேசும் தளங்கள் இருந்தன; ஆர்குட் 2014இல் மூடியது, கூகுள் பிளஸ் 2019இல். கூகுள் கடைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு பக்க வெப்சைட்டைக்கூட 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இன்ஸ்டாவை விடச் சொல்லவில்லை. ஆள் பிடிக்க அதைவிட நல்ல இடம் இப்போதைக்கு இல்லை. பிடித்த ஆள் வந்து நிற்க உங்கள் பெயரில் ஓர் இடம் வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

டிசைனரிடம் போவதற்கு முன் டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரை, நீங்களே வாங்குங்கள். உங்கள் மெயில், உங்கள் ஃபோன் நம்பர், உங்கள் கார்டு. "எல்லாம் நானே பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் டொமைன் அவர் பெயரில் இருந்தால் அவர் வேலையை விட்டு வெளிநாடு போன அன்று உங்கள் கடையும் கூடவே போய்விடும். நான் முன்பு செய்து கொடுத்த ஒரு சைட்டில், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலெல்லாம் பழைய டிசைனருக்குப் போய்க்கொண்டிருந்தது; ஒருவரும் பார்க்காமல் காலாவதியாகி, தீபாவளிக்கு முந்தின வாரம் சைட் திறக்கவில்லை. திட்டு எனக்குத்தான் விழுந்தது.

அப்புறம், டிசைனர் லேப்டாப்பில் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது ஃபோனில். வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டை எடுத்துக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு மாதிரி சிக்னல் இழுபறியாக இருக்கும் இடத்தில் நின்று சைட்டைத் திறந்து பாருங்கள். முதல் திரையில் இருக்கும் பெரிய படம் இரண்டரை விநாடிக்குள் வந்தால் நல்லது, இது கூகுளே சொல்லும் அளவு. வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி படங்கள்தான்: கேமராவில் எடுத்த 5 எம்பி ஃபோட்டோவை அப்படியே ஏற்றியிருப்பார்கள். வெப்பி (WebP) ஃபார்மட்டில் மாற்றிச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். பட்டன்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பக்கத்துப் பட்டன் சேர்ந்து அமுங்கக் கூடாது. ஐஃபோன் கிடைத்தால் முகவரி நிரப்பும் கட்டத்தைத் தொடுங்கள், திரை திடீரென்று பெரிதானால் அங்கே எழுத்து 16 பிக்ஸலுக்குக் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்ற ஐந்து நிமிஷ வேலை.

தமிழ் எழுத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டால், அந்த ஃபாண்ட் இல்லாத ஃபோனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்றே தெரியாது. சோதிக்க சுலபமான வழி: சைட்டிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, அதாவது எல்லா ஃபோனுக்கும் புரியும் பொது எழுத்து முறை. காப்பியே எடுக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் தேடலில் வராது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் மாதிரி யூனிகோடு ஃபாண்டெல்லாம் இலவசம்தான். இன்னொன்று, ஆங்கிலத்தில் 'பை' என்று மூன்று எழுத்தில் முடிவது தமிழில் 'வாங்குங்கள்' என்று நீளும், ஆங்கிலத்தில் டிசைன் செய்துவிட்டுக் கடைசியில் தமிழைத் திணித்தால் பட்டன் பிதுங்கும். முதல் நாளே தமிழ் வரிகளைக் கொடுத்துவிடுங்கள்.

வாங்குவதைச் சேர்த்து வைக்கும் கூடை (கார்ட்), லாகின் எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பக்கம், கீழே வாட்ஸ்ஆப் பட்டன், அதை அழுத்தினால் "இந்தச் சேலை இருக்கிறதா?" என்று சேலை எண்ணோடு செய்தி தானாக நிரம்பி நிற்க வேண்டும். லிங்க்கில் நம்பருக்கு முன் 91 மட்டும், பிளஸ் குறி கூடாது. அந்தப் பக்கத்தின் லிங்க்கை யாருக்காவது அனுப்பிப் பாருங்கள், சேலைப் படமும் விலையும் சேர்ந்து வர வேண்டும். வெறும் லிங்க்காக வந்தால் டிசைனரிடம் "ஓப்பன் கிராஃப் டேக் போடுங்கள்" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். இன்ஸ்டா போஸ்ட்டின் கேப்ஷனில் லிங்க் போட்டால் அமுக்க முடியாது, பயோவில் வையுங்கள்.

நம்பர் சேர்க்கும்போது ஒரு விஷயம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்டில் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அக்கா இப்போது பார்சலுக்குள் ஒரு சீட்டு வைக்கிறார்: சைட் முகவரி, கடை நம்பர், "சேவ் செய்துகொள்ளுங்கள், புதுச் சேலை வந்தால் முதலில் உங்களுக்குத்தான்" என்று ஒரு வரி. சேவ் செய்தவர்களின் நம்பரை ஒரு ஷீட்டில் ஏற்றிக்கொண்டே வருகிறார், ஃபோன் தொலைந்தாலும் அது இருக்கும்.