பெங்களூரு வீட்டில் ஏசி, கீசர் லைன் இழுக்கும் முன்: அனுமதி, சோதனை, கையெழுத்து

அல்சூரில் நாங்கள் குடிபோன பழைய வாடகை வீட்டில் கீசர் போட்டால் குழாயில் சுரீரென்று ஷாக் அடிக்கும். பார்க்க வந்தவர் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். முன்பு வேலை பார்த்த யாரோ எர்த் ஒயரை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். நியூட்ரல் லூசானதும் கீசரின் உடம்புக்கே கரண்ட் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, சுவிட்ச் மாற்றுவதைத் தாண்டிய எந்த வேலைக்கும் காகிதம் கேட்கிற ஆளாகிவிட்டேன்.

படி 1: எந்த வேலை யாருடையது

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றில் பழையதைக் கழற்றி அதே திறனில் புதியதை மாட்டுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். புது லைன், கூடுதல் பாயிண்ட், ஒயரிங் மாற்றம் என்றால் அரசு உரிமம் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். கர்நாடகத்தில் அந்த உரிமத்தைத் தருவது மாநில மின் ஆய்வுத் துறை. தெருமுனைக் கடைப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம், ஆனால் வேலை முடிந்ததும் தர வேண்டிய சோதனை அறிக்கையில் அவன் கையெழுத்து செல்லாது.

படி 2: பில்லை எடுங்கள்

2023-இல் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி வந்ததிலிருந்து பலர் பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) பில்லைப் பிரித்தே பார்ப்பதில்லை. எடுத்துப் பாருங்கள். ஆர்.ஆர். நம்பர், அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண், எல்லா விண்ணப்பத்துக்கும் தேவை. அடுத்தது சாங்ஷன்ட் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு ஒப்புக்கொண்ட கிலோவாட்.

இப்போது கணக்கு. கீசர் 2 கிலோவாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2, ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ ஒன்றரை. காலை ஏழு மணிக்கு மூன்றும் ஒன்றாக ஓடினால் ஐந்தரை கிலோவாட். 230 வோல்ட்டில் அது சுமார் 24 ஆம்பியர். சாங்ஷன்ட் லோடு 3 கிலோவாட்தான் என்றால் லோடு கூட்டச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். ‘மெயின் எம்.சி.பி.யை மட்டும் பெரிசா மாத்திடலாம் சார்’ என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். ஒயர் பழையதாகவே இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், எம்.சி.பி. விழுவதற்கு முன்பே ஒயர் சூடேறிவிடும்.

படி 3: ஓனர்

இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும். ‘லோட் ஜாஸ்தி மாடிஸ்பேக்கு’ (லோடு கூட்ட வேண்டும்) என்று கன்னடத்தில் சொன்னால் போதும், உடனே அடுத்த கேள்வி ‘காசு யார் கொடுப்பது?’ என்றுதான் வரும். டெபாசிட் கூடும், மாதாமாதம் வரும் நிலைக்கட்டணமும் கூடும். இதை முதலிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கான்ட்ராக்டர், விண்ணப்பம்

உரிமத்தைக் கையில் வாங்கி, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். விண்ணப்பம் உங்கள் பகுதி பெஸ்காம் துணைப்பிரிவு அலுவலகத்துக்குப் போகும். பெரும்பாலும் கான்ட்ராக்டரே போட்டுத் தருவார். பணம் கட்டிய ரசீது மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

படி 5: சுவரை மூடும் முன்

சாமான் வாங்க பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுக்கு நீங்களும் கூடப் போங்கள். கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் ஏசிக்கு 4-ம் போடுவது வழக்கம். ஒயரின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட். பூசும் முன் பைப் ஓடும் பாதையைப் போட்டோ எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

படி 6: சோதனையின்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

பலரும் அறிக்கையை வீட்டுக்கு வராமலேயே நிரப்பிவிடுகிறார்கள். ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பொருள்களையும் பிளக்கிலிருந்து கழற்றி, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டி.சி.யை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்ப்பார். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். நல்ல புது ஒயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

அடுத்தது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டுக்கு 30 மில்லியாம்பியர். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். எர்த்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? ‘பீஸ் சரியில்லை, எடுத்துடலாம்’ என்பது எங்கள் வீட்டிலும் கேட்ட வசனம். எங்கோ ஒரு பாயிண்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தாலும் அது விழும். தேட வேண்டியது அந்த இடத்தை.

படி 7: பெஸ்காம் வரும் நாள்

கையெழுத்திட்ட அறிக்கை போனதும், தேவைப்பட்டால் ஊழியர் வந்து பார்ப்பார், மீட்டரையும் மாற்றலாம். மீட்டர் சீலை நீங்களோ எலக்ட்ரீஷியனோ தொடவே கூடாது. இழுத்தடித்தால் 1912-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அபார்ட்மெண்ட் என்றால் மொத்தக் கட்டடத்துக்கும் மின் ஆய்வாளர் அனுமதி தனி. அந்தக் காகிதம் அசோசியேஷனிடம் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

அறிக்கையின் நகல் ஒன்றை டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். நாங்கள் காலி செய்தாலும் அடுத்து வருபவர் கண்ணில் படும்.