மழை மாதங்களில் படக் கண்காட்சி வைக்கிறீர்களா?

இலங்கை மலையகத்தில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அப்போது சனசமூக நிலையத்தில் படம் மாட்டினால் முதலில் கெடுவது பின்பக்கம்தான். வெளிச்சுவர் குளிர்ந்து ஈரம் கோக்கும். சட்டம் அதோடு ஒட்டிக் கிடந்தால் காற்றோட்டமின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் 5 மில்லிமீற்றர் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். உட்சுவர் இருந்தால் இன்னும் நல்லது. புகைப்படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டால், உரிக்கும்போது மேற்பூச்சும் சேர்ந்து வரும். ஆகவே இடையில் சுற்றிவர அட்டை விளிம்பு வையுங்கள். இருபக்க ஒட்டுநாடாவை மட்டும் நம்பவேண்டாம், சுண்ணாம்புச் சுவரில் அது பூச்சோடு கழன்று விழும்.

உயரம்: படத்தின் நடு தரையிலிருந்து 150 செ.மீ. அதோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டத்தின் பின்னாலுள்ள தொங்கு கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும்போது அது மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்குகிறதோ அதைக் கழித்தால் ஆணியின் இடம் கிடைக்கும். 60 செ.மீ. படம், 8 இறக்கம் என்றால் 172. பிள்ளைகளுக்கான கண்காட்சி என்றால் நடுவை 130க்கு இறக்குங்கள்.

திறப்பு விழாவை ஞாயிறு பகலில் வையுங்கள். வார நாளில் தோட்டத் தொழிலாளர்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து வீடு போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். மாலைக் கூட்டமென்றால் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழும்பிவிடுவார்கள்.